லேபர் வார்டு கதவும் அந்த 20 கேஸும்

நாலாம்வருஷம்:
நேத்து மேட்ரன்மா இங்க எழுதினதைப் படிச்சதிலிருந்து வயிறு எரியுது. அவங்க வார்த்தையை அப்படியே போடறேன்: "நர்சிங் படிக்கிற ஆம்பளைப் பசங்க லேபர் வார்டு கதவுக்கு வெளியே நின்னு போன் நோண்டுவாங்க. கடைசி வாரம் கேஸ் புக்கை நீட்டி 20 பிரசவத்துக்கும் கையெழுத்து வாங்கிப்பாங்க."

கேஸ் புக்னா பார்த்த பிரசவத்தைப் பதிஞ்சு கையெழுத்து வாங்கற நோட்டு. எங்க சிலபஸ்ல ஆளுக்கு 20 பிரசவம் பார்த்தாகணும். அம்மா, நான் பி.எஸ்சி நர்சிங் நாலாம் வருஷம். செமஸ்டர் முறை வர்றதுக்கு முந்தின கடைசி பேட்ச். 60 பேர் வகுப்புல பசங்க 9 பேர். ஏழு மணி டியூட்டிக்கு ஆறே முக்காலுக்கே வார்டுல நிப்போம், மெஸ்ல அப்ப இட்லியே வெந்திருக்காது. டிரஸ் மாத்த எங்களுக்குன்னு ரூம் கிடையாது. லினன் அடுக்கற ரூம்ல தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒருத்தன் பிடிச்சுக்க, இன்னொருத்தன் மாத்துவான். ஆம்பளைப் பேஷண்டுக்கு யூரின் ட்யூப் போடணுமா, மூணு மாடியிலிருந்தும் "பிரதரைக் கூப்பிடு". பிரதர்னா ஆம்பளை நர்ஸ். ஹெர்னியா ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஷேவிங் பண்ண பிரதர். 90 கிலோ ஆளை ஸ்ட்ரெச்சருக்கு மாத்த பிரதர். அப்பல்லாம் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கு. லேபர் வார்டுக் கதவு மட்டும் மூடிக்கும். மூடினது யாரு, நானா?

மேட்ரன்மா:
தம்பி, 32 வருஷ சர்வீஸ்ல 11 வருஷம் லேபர் வார்டு பார்த்தவ நான். ஒரே கேள்விதான். அந்த 20ல உன் கையால நீ பண்ணினது எத்தனை?

நாலாம்வருஷம்:
கேள்வியே தப்பு. 20ங்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் வச்ச கணக்கு. அதே பட்டியல்ல கர்ப்பிணி பரிசோதனை 30 இருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் தாயைக் கவனிக்கறது 20 இருக்கு. சிசேரியனுக்கு அசிஸ்ட் பண்றது 2. அதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, இந்த 20ஐ மட்டும் பிடிச்சுத் தொங்குவாங்க. தலை தெரியும்போது பெரினியத்துக்கு, அதான் பிறப்புறுப்புக்குக் கீழ இருக்கற தசைக்கு, எப்படிக் கை கொடுக்கணும்னு எனக்குத் தெரியும். குழந்தை வந்த ஒரு நிமிஷத்துக்குள்ள ரத்தப்போக்கைத் தடுக்கற ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் தசையில போடணும்னு தெரியும். நஞ்சுக்கொடியில ஒரு துண்டு உள்ள தங்கினா என்ன ஆகும்னு தெரியும். முதல் நிமிஷமும் அஞ்சாவது நிமிஷமும் ஆப்கார், அதான் குழந்தையோட மூச்சு, துடிப்பு, நிறமெல்லாம் பார்த்துப் போடற மார்க்கு, பார்க்கணும்னும் தெரியும்.

மேட்ரன்மா:
பாடம் நல்லா ஒப்பிக்கிறே. எத்தனை?

கோவைக்காரி:
அம்மா கேக்கறது நம்பரு, தம்பி குடுக்கறது டெக்ஸ்ட்புக்கு. லேப்ல இருக்கற பொம்மைக்கு பிரசவம் பார்த்ததையும் சேர்த்தீங்கன்னா 20 தாண்டிரும்ங் தம்பி, சேர்த்துக்கோங்க.

நாலாம்வருஷம்:
வந்துட்டாங்க. போன மாசம் பெட் மேக்கிங் பத்தின பேச்சுல என்கிட்ட மூக்குடைபட்டவங்கதானே நீங்க? தலைமாட்டுல ஷீட் எத்தனை அங்குலம் மடிக்கணும்னே தெரியாம ரெண்டு நாள் சண்டை போட்டவங்க.

கோவைக்காரி:
அன்னைக்கு மூக்குடைபட்டது யாருன்னு பழசைத் தேடிப் பாருங்ணா. அதுலயும் இப்படித்தான், கேட்டதுக்குப் பதில் வரல.

தாமிரபரணி:
நான் மருத்துவத் துறை ஆள் கிடையாது. போன வருஷம் என் மனைவிக்குப் பிரசவம். வலியில துடிக்கிறவ முன்னாடி 21 வயசுப் பையன் நோட்டோட நின்னா எந்தக் குடும்பம் ஒத்துக்கும்? மாமியார் ஒரு சத்தம் போட்டாங்க, பையன் வெளிய போயிட்டான். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுதான் சரி.

நாலாம்வருஷம்:
அண்ணாச்சி, அன்னைக்கு உள்ள இருந்த டாக்டர் ஆணா பெண்ணா? ஹவுஸ் சர்ஜன் யாரு? எம்பிபிஎஸ் பசங்க நாலு பேரு நின்னிருப்பாங்களே, அவங்களைப் பார்த்து மாமியார் கத்தினாங்களா? அவன் கழுத்துல ஸ்டெத் இருந்தா டாக்டர் தம்பி, அதே ஸ்டெத் என் கழுத்துல இருந்தா வெளிய போடா! பிரசவ மருத்துவத்துல மெட்ராஸ்ல பெரிய பேர் ஏ.எல்.முதலியார். அவர் ஆம்பளை இல்லையா? 25 வருஷம் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு வைஸ் சான்சலராவும் இருந்தார்.

மேட்ரன்மா:
27 வருஷம். 1942லேருந்து 1969 வரைக்கும். அதே மெட்ராஸ்ல 1885ல கோஷா ஆஸ்பத்திரி, அதான் திரைக்குப் பின்னால இருக்கற பொண்ணுங்களுக்கான ஆஸ்பத்திரி, எதுக்கு வந்துச்சுன்னும் படிச்சுக்கோ. ஆம்பளை டாக்டர்கிட்ட வராம பொண்ணுங்க வீட்லயே செத்தாங்க, அதனால மேரி ஷார்லீப்னு ஒரு பெண் டாக்டர் அதை ஆரம்பிச்சாங்க. அந்தப் பொண்ணோட கூச்சம் உன் கேஸ் புக்கைவிடப் பெருசு.

நாலாம்வருஷம்:
25ஓ 27ஓ, ஆம்பளைதானே? 1885ஐ இழுத்துட்டு வர்றீங்க. பிரிட்டன்ல 1983லயே ஆண் மிட்வைஃப்களுக்கு, அதான் பிரசவம் பார்க்கற நர்ஸ்களுக்கு, இருந்த தடையை முழுசா எடுத்துட்டான்.

கோவைக்காரி:
அப்ப 1983 வரைக்கும் அங்கயும் கதவு மூடித்தான இருந்துச்சு?

மஸ்கட்மணி:
தம்பிகளா, நானும் ஆண் நர்ஸ்தான், ஓமன்ல 9 வருஷம். இங்க யாரும் 20ஐப் பத்திக் கேக்கறதில்ல, ஐசியூல வென்டிலேட்டர் தெரியுமான்னுதான் கேப்பான். லேபர் வார்டை அவங்களே வச்சுக்கட்டும். நம்ம பிரச்சினை வேற. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலையில 80 சதவீதம் பெண்களுக்கு, 20 தான் நமக்கு. 2019ல எடுத்த முடிவு. டெல்லி எய்ம்ஸ்ல பி.எஸ்சி நர்சிங் சீட்டே பையன்களுக்குக் கிடையாது. மிலிட்டரி நர்சிங்ல 1943 அவசரச் சட்டத்துலயே பெண்கள்னுதான் எழுதி வச்சான். அதைப் பேசுங்க.

கோவைக்காரி:
ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டுல தனியா நின்னு குடிகார அட்டெண்டர்கிட்ட திட்டு வாங்கற 80 நாங்கதானுங்க. அந்த 20க்கு வர்றவங்க மூணு வருஷத்துல "இன்சார்ஜ் பிரதர்" ஆகி நாற்காலில உக்காந்துக்கறாங்க.

மஸ்கட்மணி:
நாற்காலியா? கேஷுவாலிட்டில அடிதடி கேஸ் வந்தா முன்னாடி தள்ளி விடறது யாரைன்னு சொல்லவா?

செமஸ்டர்பாப்பா:
ஒரு சந்தேகம். பிரசவத்தை கண்டக்ட் பண்றதுன்னா என்ன, அசிஸ்ட் பண்றதுன்னா என்ன? எங்க போஸ்டிங்ல நாலு காலேஜ் ஒரே லேபர் வார்டுக்கு வரும். முதல்ல எம்பிபிஎஸ், அப்புறம் சீனியர் அக்காங்க, அப்புறம்தான் நாங்க. ஸ்டாஃப் அக்கா கைமேல என் கையை வச்சதை எதுல சேர்க்கறது? பொண்ணுங்களுக்கே கேஸ் கிடைக்கல.

நாலாம்வருஷம்:
இதைத்தான் நானும் சொல்றேன்!

மேட்ரன்மா:
நீ சொல்லல. அந்தப் பொண்ணு சொல்லுது. நீ எத்தனைன்னு சொல்லு.

புதுவரவு:
எனக்கு 12ல 78 சதவீதம், பையன். நர்சிங் எடுக்கலாமா? வீட்ல அப்பா "பொம்பளைங்க படிப்பு"ன்னு திட்டறார். யாராவது சொல்லுங்க.

நாலாம்வருஷம்:
அப்புறம் வா தம்பி, இப்ப 20ஐப் பத்திப் பேசிட்டிருக்கோம்.

தாமிரபரணி:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. எந்தக் குடும்பம் ஒத்துக்கும்?

நாலாம்வருஷம்:
மணி மூணு. நைட் டியூட்டி, ஆண்கள் சர்ஜிகல். பன்னெண்டாம் பெட் தாத்தாவுக்கு இப்பத்தான் திருப்பிப் படுக்க வச்சு முதுகு தொடைச்சு விட்டேன். படுக்கைப்புண் வந்துடக்கூடாதுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். அவர் என்னை இன்னும் "கம்பவுண்டர் தம்பி"ன்னுதான் கூப்பிடறார். ஊர்ல சித்தி கேட்டா எங்க அம்மா "ஆஸ்பத்திரி சம்பந்தமா படிக்கிறான்"னு மழுப்புவாங்க. இதெல்லாம் 32 வருஷ சர்வீஸ்காரங்க கண்ணுல படாது. கதவுக்கு வெளியே நின்னானாம், போன் நோண்டினானாம். நான் நின்னது உண்மை. ரெண்டு வாரம், தினம் ஆறு மணி நேரம், பெஞ்சு கூட இல்லாம நின்னேன். நோண்டல. மேட்ரன்மா இந்நேரம் தூங்கியிருப்பாங்க, காலைல படிக்கட்டும்.

மேட்ரன்மா:
தூங்கல. 32 வருஷ நைட் டியூட்டி, தூக்கம் எங்க வருது. ஆக, நின்னது வெளியேதான். எத்தனை?

நாலாம்வருஷம்:
"போன் நோண்டுவாங்க"ன்னு எழுதினதை முதல்ல வாபஸ் வாங்குங்க. அப்புறம் நம்பர் பேசலாம்.

கோவைக்காரி:
அந்த பெட் மேக்கிங் பேச்சு கிடைச்சிருச்சு. இங்கயே போடட்டுங்களா?