கலைச்சொல்: ‘ரீபில்ட்’ செய்த படகு இன்ஜினுக்குத் தமிழில் என்ன?

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம். பழைய படகு வாங்குவோருக்கான கையேட்டில் ஒரு சொல் இழுபறியாக நிற்கிறது. விற்பவர் ‘இன்ஜின் ரீபில்ட் பண்ணியாச்சு’ என்கிறார். மறுசீரமைப்பு, புத்தாக்கம், செப்பனிடல் எல்லாம் பார்த்தாயிற்று. ‘புதுப்பித்த இன்ஜின்’ என்று போட்டுவிடலாமா? எளிது, எவருக்கும் புரியும்.

மடல் 2

> ‘புதுப்பித்த இன்ஜின்’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம். பெயின்ட் அடித்து, பெல்ட்டும் இம்பெல்லரும் (நீர் பம்பின் சுழலி) மாற்றியவர்கூட ‘புதுப்பித்தேன்’ என்று சொல்லலாம். அது பொய்யும் ஆகாது. ரீபில்ட் என்ற சொல்லுக்கே இந்த நோய் உண்டு. நாம் ஆக்கும் சொல்லுக்கும் அதைத் தொற்ற வைக்க வேண்டுமா?

பட்டறையில் இது இரண்டு வேலை. சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, கேஸ்கெட் (இடையடைப்பு) மாற்றி மூடுவது ஒன்று. அதில் ரிங், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் பழையதே. இன்னொன்றில் கிராங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வரை வெளியே வரும். சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் அளப்பார்கள். தேய்ந்திருந்தால் போர் போட்டு (சிலிண்டரை அகலமாகக் கடைந்து) 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுப் பிஸ்டன். லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை) உள்ளதில் லைனரையே மாற்றுவது. கிராங்கைக் கடைந்தால் அதே அளவுக்கு உள்விட்டம் குறைந்த பேரிங். செலவிலும் ஆயுளிலும் இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே எதுவரை பிரித்தார்கள் என்பதைச் சொல்லே சொல்லட்டும்: தலைப்பிரிப்பு, முழுப்பிரிப்பு.

மடல் 3

தலைப்பிரிப்பு நன்று, ‘உருளைத் தலை’ ஏற்கெனவே பாடநூல் வழக்குதான். ஆனால் ‘முழுப்பிரிப்பு செய்த இன்ஜின்’ என்றால் கழற்றிப் போட்டபடி சாக்கில் கிடக்கிற இன்ஜின் மாதிரி ஒலிக்கிறதே! ‘பிரிச்சுக் கட்டினது’ என்பதுதானே பேச்சு வழக்கு? ‘கட்டு’ எங்கே போயிற்று?

இன்னொன்று: முழுப்பிரிப்பு என்ற சொல்லையும் விற்பவர் கூசாமல் சொல்வார். சொல் துல்லியமானதால் வாங்குபவருக்கு என்ன லாபம்?

மடல் 4

> ‘கட்டு’ எங்கே போயிற்று?

ஏற்கிறேன். தலைக்கட்டு என்றால் ஊரில் வேறு பொருள் வந்துவிடும், வரி கேட்பார்கள். வினையாக வரும்போது ‘முழுதும் பிரித்துக் கட்டிய’, ‘தலை பிரித்துக் கட்டிய’ என்று விரிப்போம். பட்டியலில் சுருங்கிய பெயர் இருக்கட்டும்.

> வாங்குபவருக்கு என்ன லாபம்?

‘புதுப்பித்தல்’ நடந்ததா என்று எதைப் பார்த்துச் சொல்வது? எதுவரை பிரித்தார்கள் என்பதற்குத் தடயம் இருக்கும். இன்ஜினைப் படகில் பிடிக்கும் மவுன்ட் நட்டுகளையும், அதை ப்ரொப்பெல்லர் தண்டோடு இணைக்கும் ஷாஃப்ட் கப்ளிங் போல்ட்டுகளையும் பாருங்கள். அவற்றின் மேல் பழைய பெயின்ட் முறியாமல், துரு கலையாமல் இருந்தால் இன்ஜின் இடத்தை விட்டு எழவில்லை. லைனர் உள்ள பெரிய டீசல்களைப் படகில் வைத்தே பிரிப்பதும் உண்டு. எனவே இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இறக்கி ஏற்றியிருந்தால் கப்ளிங் நேர்பார்த்த கணக்கைக் கேளுங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங் முகத்துக்கு ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஏறத்தாழ 0.1 மி.மீ. இடைவெளி வேறுபாட்டுக்கு மேல் போகக் கூடாது.

பில்லில் உள்ள இன்ஜின் எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றா? பிறகு அளவு. பிஸ்டன் தலையில் பெரும்பாலும் அளவு பொறித்திருக்கும். இன்ஜெக்டரையோ (எரிபொருள் பீய்ச்சும் முனை) பிளக்கையோ கழற்றி, அந்தத் துளை வழியே சிறு கேமராவை விட்டால், கரி மூடாதவரை அதைப் படிக்கலாம். பில்லில் 0.50 கூடுதல் அளவு. உள்ளே ‘எஸ்டிடி’ (ஸ்டாண்டர்ட், அதாவது மூல அளவு) என்று இருந்தால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்ல குறி. ஆனால் அது முழுப்பிரிப்புக்குச் சான்றல்ல. பேரிங் தேய்மானம் கம்ப்ரெஷனில் தெரியாது. நன்றாகச் சூடான பின் ஐடிலில் (சுமையின்றி மெதுவாக ஓடும்போது) ஆயில் அழுத்தம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நிற்கிறதா என்று பாருங்கள், கெட்டி ஆயில் ஊற்றி அதையும் மறைப்பார்கள் என்ற நினைப்போடு. பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில் அல்லது கேஸ்கெட்டில். டீசலில் இதைச் செய்யாதீர்கள்: எரியறை மிகச் சிறியது, அளவு பொய்யாக ஏறும், ஆயில் அதிகமானால் கனெக்டிங் ராடே (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையும்.

மடல் 5

‘ஏன் பிரித்தார்கள்’ என்பது இதில் விடுபட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் எல்போ (புகையும் குளிர்விக்கும் நீரும் வெளியேறும் வளைகுழாய்) அரித்துக் கடல்நீர் சிலிண்டருக்குள் போனதால் பிரித்திருந்து, பழைய எல்போவையே திரும்ப மாட்டியிருந்தால், எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் மறுபடி அதே கதை.

ஆயில் சோதனை அறிக்கை கொடுத்தால், அந்த ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள். நேற்று மாற்றிய ஆயிலில் தேய்மானத்தைக் காட்டும் இரும்பும் இருக்காது, செம்பும் இருக்காது. ஓட்டிப் பார்க்கப் போகும்போது முதலில் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன் ஒருமுறை கிளப்பியாயிற்று, குளிர்ந்த ஸ்டார்ட்டின் புகை உங்களுக்குக் காட்டப்படாது. பிறகு ஓட்டத்தில் முழு த்ராட்டில், 10 நிமிடம். குறித்த ஆர்பிஎம் எட்டாமல் கரும்புகை விட்டால் ப்ரொப்பெல்லர், அடிப்பாகத்துப் பாசி, இன்ஜின் மூன்றில் ஏதோ ஒன்று. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. முழுப்பிரிப்பு என்ற பேச்சை அங்கே சந்தேகிக்க வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். கடைசல் பட்டறை எழுதித் தரும் அளவுகளின் தாளுக்கும் ஒரு பெயர் வேண்டும், ‘அளவுச்சீட்டு’ என்கிறேன். அது இல்லாவிட்டால் கையேட்டில் ‘முழுப்பிரிப்பு’ என்று எழுதக் கூடாது, ‘முழுப்பிரிப்பு என்கிறார் விற்பவர்’ என்றே எழுத வேண்டும்.

மடல் 6

மடல் 1 எழுதியவன். ‘புதுப்பித்த’ நீக்கியாயிற்று. தலைப்பிரிப்பு, முழுப்பிரிப்பு, அளவுச்சீட்டு மூன்றும் பட்டியலில் ஏறுகின்றன. பாக்கி ‘ஷார்ட் பிளாக்’: கிராங், ராடு, பிஸ்டன் கோத்து, ஹெட் இல்லாமல் வரும் பிளாக். தலையில்லா உடலுக்குத் தமிழில் ‘முண்டம்’ என்ற சொல் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கடையில் போய் ‘ஒரு முண்டம் வேணும்’ என்று யார் கேட்பது?