நீள்துப்பாக்கி செய்கையில் சிறு உறுப்புகளைப் பொருத்த எந்தெந்தக் கைக்கருவிகள் உண்மையிலேயே தேவை?

கேட்பவர்: மேப்பிள்கட்டை

அனைவருக்கும் வணக்கம். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் செய்துவந்த ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும்) நீள்துப்பாக்கியின் மாதிரி ஒன்றை, உறுப்புகளாக வாங்கி, கடந்த குளிர்காலத்திலிருந்து வீட்டுக் கராஜில் செய்துகொண்டிருக்கிறேன். 42 அங்குலக் குழல் கட்டையில் நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. தொல்லையெல்லாம் சிறு உறுப்புகளில்தான். லாக் எனும் சுடும் பொறியமைப்பின் தகட்டைக் கட்டையில் வெட்டிய குழிக்குள் இறக்கும்போது ஓர் ஓரத்தில் மரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது. குழலைக் கட்டையோடு பிணைக்கும் மெல்லிய பின்களில் ஒன்று வளைந்துபோனது. ஒரு திருகின் தலைக்காடி மழுங்கிவிட்டது. கடைகளில் விற்கும் பெரிய கருவிப் பெட்டியை வாங்குவதா, சிலவற்றை மட்டும் தேர்ந்து வாங்குவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: உளிக்காரர்

பெட்டியை வாங்க வேண்டாம். உங்களுக்கு முதலில் வேண்டியது கரி. ஓர் எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் பழைய கரண்டியைக் காட்டிப் படியும் கரியைச் சுரண்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் கண்மை கூட்டும் அதே முறைதான். லாக் தகட்டின் உட்புறத்திலும் விளிம்பிலும் அதை மிக மெல்லியதாகத் தடவி, குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால், மரம் எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் சீவிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். ஒரு தகட்டை முழுதாக இறக்குவதற்குள் இப்படி ஐம்பது அறுபது தடவை வைத்து எடுக்க நேரலாம். சுத்தியலால் தட்டி இறக்கியதால்தான் உங்கள் மரம் பெயர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உளிகளில் 1/8 அங்குலத்தில் ஒன்றும் 1/16 அங்குலத்தில் ஒன்றும் போதும். ஆனால் அவை முன்கை மயிரை மழிக்கும் அளவுக்குக் கூராக இருக்க வேண்டும். சுருள்ரேகை ஓடும் மேப்பிளில் நார் அடிக்கடி திசை மாறுவதால், மழுங்கிய உளி வெட்டாமல் பிய்த்துவிடும். தகட்டின் விளிம்பை உட்பக்கம் நோக்கி மிகச் சிறிதளவு சரிவாக அராவிக்கொண்டால், புட்டியில் தக்கை இறங்குவதுபோல் இடைவெளி தெரியாமல் இறங்கும்.

ஒரே ஒரு கருவிக்கு மட்டும் தயங்காமல் பணம் கொடுங்கள்: லாக்கின் முதன்மை வில்லைக் கழற்றும் சிறு வைஸ் (திருகி இறுக்கும் கவ்வி). தகட்டை இறக்கத் தொடங்கும் முன்பே உள்ளுறுப்புகள் அனைத்தையும் கழற்றியிருக்க வேண்டும். சுத்தியை (சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் உறுப்பை) முழுதாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, அந்நிலையில் வில்லின் இரு கைகளையும் வைஸால் இறுகாமல் கவ்விப் பிடித்து, பிறகு சுத்தியை மெல்ல இறக்கினால் வில் தானாகவே விடுபட்டு வைஸோடு வந்துவிடும். நான் முதல் லாக்கில் சாதாரணக் குறடால் முயன்று வில்லை இரண்டாக ஒடித்தேன். ஒடிந்த துண்டு கண்ணருகே பறந்ததிலிருந்து கண்ணாடி அணியாமல் அந்த வேலையைத் தொடுவதில்லை.

மறுமொழி: லீஹை ஆற்றங்கரை

பின்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1/16 அங்குலப் பின் வளைவதற்குப் பெரும்பாலும் காரணம், பின்னைத் தட்டித் தள்ளும் பஞ்ச் பின்னைவிடத் தடித்திருப்பது, அல்லது பின்னின் முனை தட்டையாக இருப்பது. பஞ்சின் முனை பின்னைவிட ஒரு முடியளவு மெலிந்திருந்தால்தான் மரத்தின் துளையைக் கெடுக்காமல் உள்ளே போகும். பின்னின் நுழைமுனையை அரத்தால் உருட்டிவிடுங்கள். சிறிய பித்தளைச் சுத்தியலால், குழலை மென்மையான தாங்கலில் வைத்து, மெதுவாகத் தட்டுங்கள். எப்பக்கம் நுழைத்தீர்களோ அப்பக்கமாகவே வெளியே தள்ளுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலரும் விட்டுவிடுவது. குழலின் அடியில் பின்கள் ஊடுருவும் காதுகளில் துளையை வட்டமாகவே விடாமல், ஊசி அரத்தால் நீளவாக்கில் சற்று நீட்டிக்கொள்ள வேண்டும். ஈரப்பதமும் வெப்பமும் மாறும்போது மரமும் இரும்பும் ஒரே அளவில் நீண்டு சுருங்குவதில்லை. நகர இடமில்லாவிட்டால் கட்டை வளையும், அல்லது பின்துளையருகே மரம் வெடிக்கும்.

கேட்பவர்: மேப்பிள்கட்டை

இருவருக்கும் மிக்க நன்றி. என் பஞ்சை அளந்து பார்த்தேன். அது பின்னைவிடத் தடிமன்தான். கரிமுறையை இன்று மாலையே தொடங்கிவிட்டேன்; நான் மிகை மரம் என்று நினைத்திருந்த மேல்விளிம்பில் ஒரு புள்ளிகூட விழவில்லை, கீழ் மூலையில் மட்டும் கடுகளவில் இரண்டு விழுந்தன. திருகுத் தலையைப் பற்றியும், உள்ளுறுப்புகளைத் தொலைக்காமல் கையாள்வது பற்றியும் யாரேனும் சொல்வீர்களா?

மறுமொழி: பழைய திருப்புளி

கடையில் கிடைக்கும் திருப்புளியின் முனை ஆப்புப்போல் சரிந்திருப்பதால், அழுத்தித் திருப்பும்போது காடியிலிருந்து மேலேறி வழுக்கி, தலையையும் பக்கத்து மரத்தையும் கீறிவிடுகிறது. மலிவான திருப்புளிகள் நான்கை வாங்கி, ஒவ்வொன்றின் முனையையும் உங்கள் துப்பாக்கியின் ஒவ்வொரு திருகுக்காடிக்கும் ஏற்ப, இரு முகங்களும் இணையாக இருக்கும்படி, எண்ணெய்க்கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். காடியின் அடிவரை இறங்கி, ஆடாமல் நிற்க வேண்டும். எது எந்தத் திருகுக்கு என்று கைப்பிடியில் எழுதிவையுங்கள். நான் வாங்கிய எந்தக் கருவியையும்விட இந்த நான்கும்தான் அதிகம் உழைத்திருக்கின்றன.

8-32 அளவுத் திருகுக்கு மரை வெட்டுவதாயிருந்தால் 29ஆம் எண் துளைப்பிட்டால் துளையிட்டு, வெட்டெண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று போங்கள். மரை வெட்டும் டேப் துளைக்குள் ஒடிந்தால் எடுப்பது பெரும்பாடு.

லாக்கைக் கழற்றும்போது மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, காந்தத் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். இரட்டை விசை (ஒன்றை இழுத்துத் தயாராக்கி மற்றொன்றால் சுடுவது) பொருத்திய லாக்காக இருந்தால், சுத்தியோடு சேர்ந்து சுழலும் டம்ப்ளரில் ‘ஃபிளை’ என்ற பொடித் துண்டு ஒன்று இருக்கும்; அரிசிக் குருணையைவிடச் சற்றே பெரியது. மேலே மூடியிருக்கும் பிரைடிலை எடுத்த கணமே அது நழுவி விழும். அது இல்லாமல் மறுபடி பூட்டினால், சுத்தி விழும் வழியில், அதை நிறுத்திப் பிடிக்கும் சியர், டம்ப்ளரின் பாதிக்காடியில் (பாதி இழுத்த நிலைக்கான காடியில்) மாட்டிக் கெட்டுவிடும்.

டம்ப்ளர் காடியையும் சியர் முனையையும் மட்டும் அரத்தால் தொடாதீர்கள். அங்கே ஒரு தவறான இழுப்பு போதும், சுத்தி தானாகவே விழக்கூடிய துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும். அதைத் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் இத்தகைய மாதிரிகளுக்கு விலக்களிக்கிறது, மாநில விதிகள் வேறுபடலாம், இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி இவற்றைச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம்.

மழுங்கிய அந்தத் திருகைத் தூக்கி எறிய வேண்டாம். தலையில் உலோகம் மிச்சமிருந்தால் மேற்பரப்பை அராவிச் சமமாக்கி, நகைக்கடை ரம்பத்தால் காடியை ஆழப்படுத்திப் பாருங்கள்.