அவருக்கு நைட் ஷிப்ட், எனக்கு அதிகாலை எழும் வேலை: ஒரே கட்டிலில் தூங்க என்னதான் வழி?

காலைக்குயில்

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் மாமனார், மாமியார், குழந்தை. இன்னொன்றில் நாங்கள். 5 அடிக் கட்டில் (60×78 அங்குலம்), 6 அங்குல ஃபோம் மெத்தை. நான் இரவு 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுகிறேன். வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து அமெரிக்க ஷிப்ட் வேலை பார்க்கிறார், 1:30க்கு வந்து படுப்பார், 9 மணிக்கு எழுவார்.

பிரச்சனைகள்: அவருக்கு ஏசி 22இல் இருக்க வேண்டும், எனக்கு விடியற்காலையில் நடுங்குகிறது. ஒரே போர்வை, அவர் திரும்பினால் முழுதும் அந்தப் பக்கம் போய்விடும். அவர் படுக்கும்போது மெத்தை ஆடி எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு ஒரு மணி நேரம் தூக்கமில்லை. 5 மணிக்கு என் அலாரத்தில் அவர் எழுந்துகொள்கிறார். குறட்டை வேறு.

வேறு அறைக்குப் போக வசதியில்லை. தனிக்கட்டில் போட்டால் பெரியவர்கள் சண்டை என்று நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

கட்டில்மெத்தை

தனிக்கட்டில் தேவையே இல்லை சகோதரி, தனி மெத்தை போதும். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஆட்டம் மெத்தையிலா கட்டிலிலா? மெத்தையை இரண்டு இரவு தரையில் போட்டுப் படுங்கள். ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்தால் கோளாறு கட்டிலில்தான். பக்கச் சட்டத்தைத் தலைமாட்டோடு இணைக்கும் போல்ட்டுகள் மழைக்காலம், வெயில்காலம் மாறும்போது மரம் உப்பிச் சுருங்கித் தளர்ந்துவிடும். எல் வடிவ ஆலன் கீ கொண்டு எல்லாவற்றையும் முறுக்குங்கள். பிளைவுட் பலகை சட்டத்தில் உட்காரும் இடத்தில் ஃபெல்ட் துணியோ பழைய சைக்கிள் டியூபோ வெட்டி வையுங்கள், கிறீச் சத்தம் நிற்கும். நடுக்கால் இல்லாத 5 அடிக் கட்டில் என்றால் நடுவில் ஒரு கால் கொடுப்பது அவசியம்.

தரையில் போட்டும் ஆடினால் மெத்தைதான். 32 டென்சிட்டி (கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி) ஃபோம் சில வருடங்களில் நடுவில் பள்ளம் விழும், எடை குறைந்தவர் எடை கூடியவர் பக்கம் சரிவார். பானல் ஸ்பிரிங் மெத்தையில் சுருள்கள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்திருக்கும், ஒரு மூலையில் அழுத்தினால் மறு மூலை துள்ளும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணி உறையில் இருப்பதால் ஆட்டம் அவ்வளவாகப் பரவாது. மெமரி ஃபோமில் ஆட்டம் எல்லாவற்றையும்விடக் குறைவு, ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 22இல் ஏசி கேட்பவருக்கு அதை வாங்கித் தராதீர்கள், அடுத்து 20 கேட்பார்.

என் யோசனை: அதே கட்டிலில் 30×78 அளவில் இரண்டு மெத்தை. ஃபோம் கடைகளில் சொன்ன அளவுக்கு வெட்டித் தருவார்கள். கனம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், அடர்த்தி மட்டும் ஆளுக்கேற்ப மாறலாம். 60 கிலோவுக்குக் கீழே உள்ளவருக்கு 32 டென்சிட்டி, 80க்கு மேல் என்றால் 40. நடு இடுக்குக்கு 8 அங்குல அகலத்தில் மெல்லிய ஃபோம் பட்டை வைத்து, மேலே ஒரே பெட்ஷீட் விரித்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே படுக்கை, பெரியவர்கள் கண்ணுக்கு எதுவும் படாது. ஆளுக்கு 30 அங்குலம் என்பது நெருக்கடிதான். கட்டில் மாற்றும் காலம் வரும்போது 6 அடிக்குப் போங்கள், ஆளுக்கு 36 அங்குலம், அதாவது முழு ஒற்றைக் கட்டில் அகலம் கிடைக்கும்.

போர்வையை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். 60×90 அளவில் இரண்டு. உங்களுக்குச் சென்னிமலை பெட்ஷீட் போலக் கனமான பருத்தி, அவருக்கு மெல்லியது. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் தம்பதிகள் ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்வது சாதாரண வழக்கம்.

காற்றோட்டம்

ஏசி பற்றி மட்டும். 22 வைத்து ஒருவர் நடுங்குவதைவிட, 26 வைத்து ஒருவருக்கு மட்டும் காற்று கொடுப்பது நல்லது. உடம்பில் படும் காற்று 2 முதல் 3 டிகிரி குளிர்ச்சி கூடுதலாகத் தெரியவைக்கும். சீலிங் ஃபேன் கட்டிலுக்கு நேர் நடுவில் இருப்பதால் இருவருக்கும் சமமாக வீசும், சிக்கலே அதுதான். அதை ஒன்றில் வையுங்கள் அல்லது நிறுத்துங்கள். அவர் பக்கக் கால்மாட்டுச் சுவரில் 16 அங்குல வால் ஃபேன் ஒன்று மாட்டி, அவர் நெஞ்சு வரை மட்டும் படும்படி திருப்பி, சுழற்சியை அணைத்துவிடுங்கள். சுழன்று சுழன்று வரும் காற்றுதான் பக்கத்தில் இருப்பவரை எழுப்பும்.

ஏசியிலும் ஸ்விங் வேண்டாம். கிடைமட்டத் தகட்டை மேல்நோக்கி வையுங்கள், குளிர்காற்று கூரையோடு போய்ப் பிறகு இறங்கும். உள்ளே இருக்கும் செங்குத்துத் தகடுகளைக் கையால் அவர் பக்கம் திருப்புங்கள். பல ஏசிகளில் ஸ்லீப் மோடு உண்டு, மணிக்கு ஒரு டிகிரி வீதம் இரண்டு டிகிரி வரை தானாகக் கூட்டும்.

விடியற்காலையில் நடுங்குவதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. எழும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்புதான் உடம்பின் உள்வெப்பம் மிகக் கீழே இறங்கும். உங்களுக்கு அது 3 மணி வாக்கில். அந்த நேரத்தில் கனவுத் தூக்கமும் அதிகம், கனவுத் தூக்கத்தில் உடம்பு தன் வெப்பத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும் வேலையை ஏறத்தாழ விட்டுவிடும். 11 மணிக்கு இதமாக இருந்த அதே 22 டிகிரி 3 மணிக்குக் குத்துவது இதனால்தான். காலுக்குப் பருத்திக் காலுறை போட்டுப் பாருங்கள். கால் சூடாக இருந்தால் தூக்கம் சீக்கிரமும் வரும்.

2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி விதி இருக்கிறது. 22 என்பது நாம் பழக்கிக்கொண்டது. வாரத்துக்கு ஒரு டிகிரியாக ஏற்றினால் அவரும் 25, 26க்குப் பழகிவிடுவார். ஒரே இரவில் ஏற்றினால் தூங்கமாட்டார்.

இரவுப்பணி

1:30க்கு வருவதுதான் இங்கே பெரிய விஷயம், மேலே யாரும் அதைத் தொடவில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். 10 மணிக்குத் தூங்கியவர் பக்கத்தில் 11 மணிக்கு வந்து படுத்தால் அநேகமாக அவருக்குத் தெரியாது. 1:30க்கு நீங்கள் மேலோட்டமான தூக்கத்தில் இருப்பீர்கள், சின்ன அசைவுக்கும் விழிப்பீர்கள். நேரத்தை மாற்ற முடியாது, ஆகவே வந்து படுப்பதை மாற்ற வேண்டும்.

பல் துலக்குவது, உடை மாற்றுவது, போன் சார்ஜ் போடுவது எல்லாம் ஹாலிலேயே முடியட்டும். படுக்கையறைக்குள் அவர் செய்யும் வேலை படுப்பது ஒன்றுதான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுங்கள். கதவுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாக ஹால் வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் உள்ளே வரும், அடியில் ரப்பர் பட்டை ஒட்டினால் இரண்டும் குறையும். கட்டிலுக்கு அடியில், முழங்காலுக்குக் கீழே, ஆள் வந்தால் எரியும் ஒரு வாட் மஞ்சள் எல்இடி போதும். போன் டார்ச் கூடாது. கதவுப் பக்கம் அவர் படுக்கட்டும்.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2 முதல் 9 வரை தூங்குபவருக்கு 5 மணி என்பது நடுத்தூக்கம். உங்கள் அலாரத்தை மணிக்கட்டில் அதிரும் பட்டைக்கு மாற்றுங்கள், ஸ்னூஸ் வேண்டாம். குழந்தையின் சீருடை, உங்கள் உடை, சீப்பு எல்லாவற்றையும் முந்தின இரவே ஹாலுக்கு எடுத்து வைத்துவிட்டால் 5 மணிக்கு பீரோவைத் திறக்க வேண்டியதில்லை. 6 மணி வெளிச்சம் அவர் கண்ணில் பட்டால் தூக்கம் கலையும், இரவு வேலையில் தூங்கி வழிவார். கனத்த துணியில், ஜன்னல் சட்டத்தைவிடப் பக்கத்துக்கு 6 அங்குலம் கூடுதலாகத் திரை தைத்துப் போடுங்கள். மெல்லிய திரையை இரட்டையாகப் போட்டால் ஓரத்தில் வெளிச்சம் வரத்தான் செய்யும்.

காபி: காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 2 மணிக்குத் தூங்குபவர் கடைசி டம்ளரை இரவு 8க்குள் முடிக்க வேண்டும். 11 மணிக் காபியால் விடியும் வரை புரளுவார், அந்தப் புரளல் உங்கள் மெத்தைக்கு வரும்.

இருவரின் நேரத்தையும் ஒன்றாக்கப் பார்க்காதீர்கள். சாப்பாட்டு இடைவேளையை 9:30க்கு வைத்து, நீங்கள் தூங்கும்வரை அரை மணி நேரம் அவர் பக்கத்தில் படுத்துப் பேசிவிட்டுப் போகலாம்.

காலைக்குயில்

மிக்க நன்றி. ஒரு முட்டுக்கட்டை: கதவுப் பக்கம் படுத்தால் அவர் ஏசிக்குத் தூரமாகிவிடுவார், ஏசி ஜன்னல் பக்கச் சுவரில் இருக்கிறது. குறட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே? மல்லாந்து படுத்தால் அதிகம். சில நேரம் சட்டென்று நின்று, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கும். பிபி மாத்திரை சாப்பிடுகிறார். சட்டைக் காலர் 17 அங்குலம்.

காற்றோட்டம்

கதவுப் பக்கமே இருக்கட்டும். அவர் குளிர்ச்சிக்கு வால் ஃபேன் இருக்கிறது. செங்குத்துத் தகடுகளை உங்களைத் தாண்டி அவர் பக்கம் திருப்புங்கள், கிடைமட்டத் தகடு மேலே இருந்தால் காற்று உங்கள் தலைக்கு மேலே போய்விடும்.

தூக்கஆய்வகம்

குறட்டை நின்று திணறலோடு தொடங்குகிறது என்றீர்களே, மெத்தை, ஏசி எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அது. அது ஸ்லீப் ஆப்னியாவாக (தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்) இருக்கலாம்: தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று எண்ணுவோம். மணிக்கு 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 நடுத்தரம், 30உம் அதற்கு மேலும் கடுமை.

'ஸ்டாப்-பேங்' என்று எட்டுக் கேள்விகள் உண்டு: பலத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் நிறை எண் 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண். ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்தே அவருக்கு ஐந்து: குறட்டை, மூச்சு நிற்பது, அழுத்தம், கழுத்து (17 அங்குலக் காலர் 43 செ.மீ.), ஆண். நெஞ்சக நோய் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். போகும்போது போனில் பத்து நிமிட வீடியோ எடுத்துப் போங்கள், அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது, நெஞ்சும் வயிறும் தெரியும்படி. ஒலிப்பதிவு மட்டும் போதாது. சத்தம் நிற்கும்போது வயிறு மூச்சுக்காக முயல்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அதுவரை: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை கொடுங்கள். இரண்டு மூன்று தலையணை அடுக்காதீர்கள், கழுத்து முன்னால் மடங்கித் தொண்டை இன்னும் குறுகும். இடுப்பிலிருந்து தலை வரை தாங்கும் சாய்வு ஃபோம் நல்லது. மது இருந்தால் படுப்பதற்கு 4 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. இரண்டுமே தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும்.

உங்கள் காதுக்கு ஃபோம் அடைப்பான் வைக்கலாம். விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காதைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். பாதிதான் உள்ளே போனது என்றால் பலன் இல்லை. ஆனால் அவருக்குப் பரிசோதனை முடியும் வரை அதை வழக்கமாக்க வேண்டாம். அந்தத் திணறலைக் கேட்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

கட்டில்மெத்தை

தூங்கும்போது கால் உதறுவதற்கும் பரிசோதனை உண்டா ஐயா? மெத்தை வாங்க வருபவர்கள் நிறையப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

தூக்கஆய்வகம்

உண்டு. படுத்தவுடன் காலை அசைத்தே ஆக வேண்டும் போல் இருந்து, எழுந்து நடந்தால் சரியாகிறது என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம்) அளவு பார்க்க வேண்டும். 75க்கும் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதை மருத்துவர் யோசிப்பார். இது பெண்களுக்கு அதிகம். ஆனால் 50 வயதுக்கு மேற்பட்டவர் கனவு காணும்போது கூச்சலிட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கையால் அடித்தால் அது வேறு நோய், நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

காலைக்குயில்

பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் இரவு தங்க வேண்டுமா? அவர் லீவு எடுக்கத் தயங்குகிறார்.

தூக்கஆய்வகம்

இதயம், நுரையீரல் நோய் இல்லாதவர் என்றால் வீட்டுக் கருவியே போதும் என்று மருத்துவர் சொல்ல வாய்ப்புண்டு. நெஞ்சில் பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப், அவ்வளவுதான். ஒருக்களிக்கும்போது மூக்குக் குழாய் நழுவிவிடும், கன்னத்தில் இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். முகத்தில் எண்ணெய், கிரீம் இருந்தால் ஒட்டாது. குறைந்தது 4 மணி நேரம் ஒழுங்கான பதிவு வேண்டும், இல்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது நேரம். இந்தக் கருவிகளில் பல, தூங்கிய நேரத்தை அளப்பதில்லை, பதிவான மொத்த நேரத்தால் வகுக்கும். 10 மணிக்கே மாட்டிவிட்டு 2 மணி வரை விழித்திருந்தால் மணிக்கு 20 தடை என்று வர வேண்டியது ஏறத்தாழ 13 என்று வந்துவிடும். ஷிப்ட் முடிந்து, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 9 மணிக்கு எழுந்தவுடன் அணைத்துவிட வேண்டும். கருவி தருபவரிடம் அவர் தூங்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிலவற்றில் தொடங்கும் நேரத்தை அவர்களே பதிந்து அனுப்புவார்கள்.