அகஸ்டஸை "ஆக்டேவியன்" என்று எழுதுவது சரியா?

நாணயப்பித்தன்:
கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொலையான நாள் முதல், "அகஸ்டஸ்" என்ற பட்டம் கிடைத்த கி.மு. 27 வரையிலான காலத்தை எழுதும்போது, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸை நாம் "ஆக்டேவியன்" என்கிறோம். அவர் அந்தப் பெயரைத் தன் நாணயங்களில் பொறித்ததே இல்லை. பிறந்தபோது கயஸ் ஆக்டேவியஸ். சீசரின் உயில் மகனாக்கியதும் கயஸ் ஜூலியஸ் சீசர். எதிரிகள் வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வரலாற்று வாத்தியார்:
எதிரிகள் வைத்தது என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ரோமில் சுவீகாரம் போனவர் புதுத் தகப்பனின் பெயர்களை ஏற்று, பிறந்த குலப்பெயரை "ஆனஸ்" விகுதியோடு கடைசியில் சேர்த்துக்கொள்வது வழக்கம். எமிலியஸ் பவுலஸின் மகன் சிப்பியோ வீட்டுக்குப் போய் சிப்பியோ எமிலியானஸ் ஆனார். அதே கணக்கில்தான் ஆக்டேவியஸ் "ஆக்டேவியானஸ்", அதாவது ஆக்டேவியன். வகுப்பில் தகப்பன், மகன் இரண்டு பேரையும் சீசர் என்றால் பிள்ளைகள் குழம்பிவிடுகிறார்கள்.

அப்புறம், அகஸ்டஸைப் பெற்ற தகப்பனை மறந்துவிடலாமா? வெலிட்ரே ஊர்க்காரர். அந்தக் குடும்பத்திலிருந்து ரோமின் ஆட்சி மன்றமான செனட்டுக்குப் போன முதல் ஆள். மகனுக்கு 4 வயதாகும்போதே இறந்துவிட்டார். கொள்ளுத்தாத்தா கயிறு திரித்த முன்னாள் அடிமை என்று அவருடைய அரசியல் எதிரி மார்க் ஆண்டனி ஏசியபோதும், "பழைய, வசதியான குதிரைவீரர் வகுப்புக் (செனட்டர்களுக்கு அடுத்த படி) குடும்பம், அதில் செனட்டரான முதல் ஆள் என் தந்தையே" என்றுதான் அகஸ்டஸ் தன்னைப் பற்றி எழுதினார். பிறப்பை அவர் மறைக்கவில்லை.

நாணயப்பித்தன்:
மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயராக வைத்துக்கொள்ளவில்லையே. கி.மு. 44 ஏப்ரலில் ரோம அரசியல்வாதி சிசரோ எழுதிய கடிதத்தைப் பாருங்கள்: கூட இருப்பவர்கள் பையனைச் சீசர் என்கிறார்கள், அவன் தாயின் இரண்டாம் கணவர் பிலிப்பஸ் அப்படி அழைக்கவில்லை, அதனால் நானும் அழைக்கவில்லை என்கிறார். எந்தப் பெயரைச் சொல்வது என்பதே அன்று கட்சி மாறும் விஷயம். சீசரின் பழைய படைவீரர்கள் திரண்டு வந்தது அந்தப் பெயருக்காகத்தான்.

கருப்புக்கோட்டு:
இருவரும் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். உயில் மூலம் சுவீகாரம் செல்லுமா என்பதே கேள்வி. அவருக்கே அதில் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கி.மு. 43-இல் ரோமின் உயர்ந்த பதவியான கான்சல் ஆனதும் மக்கள் மன்றத்தில் அதை ஏன் உறுதி செய்துகொள்கிறார்? ஆக, அதற்கு முன் ஆக்டேவியஸ், பிறகு சீசர். என் கட்சி அதுதான்.

நாணயப்பித்தன்:
உங்கள் கட்சிக்கே ஒரு சான்று தருகிறேன். ரோமில் பெண்ணுக்கு அப்பாவின் குலப்பெயரே பெயர். அவருடைய அக்கா ஆக்டேவியா. கி.மு. 39-இல் பிறந்த மகளோ ஜூலியா. கோவைப் பக்கம் புதையல்களில் கிடைத்த அவருடைய வெள்ளிக்காசுகளிலும் "சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் (அதாவது ஜூலியஸ் சீசரின்) மகன்" என்றுதான் இருக்கிறது. ஆக்டேவியஸ் மட்டுமா, ஜூலியஸும் அதில் இல்லை.

வரலாற்று வாத்தியார்:
ஜூலியா சான்று எனக்குத் தோன்றவே இல்லை. வலுவானதுதான். இனி "இளைய சீசர்" என்று பாடம் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் அவர் ஆண்டனியையும் எகிப்து அரசி கிளியோபாட்ராவையும் வென்ற ஆக்டியம் போருக்கு வரும்போது என்ன செய்ய? ஜூலியஸ் சீசருக்குப் பிறந்தவன் என்று சொல்லப்பட்ட கிளியோபாட்ராவின் மகன் சீசரியனும் சீசர் என்ற பெயரோடு எதிர்த்தரப்பில் நிற்கிறானே.

நாணயப்பித்தன்:
அந்தச் சிக்கல் அவருக்கும் இருந்தது ஐயா. கி.மு. 30-இல் சீசரியனைக் கொல்லச் சொல்லிவிட்டார்.