சப்ஸ்குட்டெல்லத்துக்குத் தமிழ்ல என்ன போடறது? நாளைக்கு வகுப்பு, அவசரம்

பாபநாசத்துலேர்ந்து:
எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குக் காலைல கரும்பு விவசாயிங்களுக்கு ஈ அடையாளம் சொல்ற வகுப்பு, படத்தாள் இன்னிக்கு ராத்திரி அச்சுக்குப் போகணும், ஒரு சொல்லுல நிக்குது. இளங்குருத்துப் புழுவைக் கொல்ற ஸ்டர்மியோப்சிஸ் ஈ பார்க்க வீட்டு ஈ மாதிரியே சாம்பலா இருக்கும். போன வாரம் ஒரு அண்ணன் சதை ஈயை டப்பால புடிச்சுட்டு வந்து இதானே நம்ம ஈன்னு கேட்டாரு. வீட்டு ஈ முதுகுல நாலு கோடு, சதை ஈக்கு மூணு கோடு, ஆனா டாக்கினிட்லயும், அதாவது ஸ்டர்மியோப்சிஸ் சேர்ந்த ஈக் குடும்பத்துலயும், கோடு வருது, அதை நம்பி சொல்ல முடியாது. அதனால ஈயைப் பக்கவாட்டுல திருப்பி லென்ஸ்ல பார்க்கச் சொல்றேன். முதுகு முடியற எடத்துல முக்கோணமா ஒரு தகடு, அது ஸ்குட்டெல்லம். அதுக்கு நேர் கீழ இன்னொண்ணு உருண்டையா துருத்திக்கிட்டு இருந்தா டாக்கினிட். அந்தக் கீழ்உருண்டைதான் சப்ஸ்குட்டெல்லம், அதுக்குத்தான் சொல் வேணும்.

திருவையாத்துலேர்ந்து:
தம்பி, ஸ்குட்டெல்லம்னா லத்தீன்ல சின்னக் கேடயம். கேடயம் வடசொல், வேண்டாம், நம்மகிட்ட கிடுகு இருக்கு. பட்டினப்பாலைல பரதவர் குடிசைல நீளத் தூண்டில் சாத்தி வச்சிருக்கறது, கிடுகை வரிசையா நிறுத்தி வேல் ஊன்றின நடுகல் அரண் மாதிரி இருக்குன்னு வரும். காவிரிப்பூம்பட்டினத்துச் சொல்லு, காவிரிக்கரை ஈக்கு வைக்கக் கூடாதா? கீழ்க்கிடுகுன்னு போடுங்க.

மன்னார்குடிலேர்ந்து:
ஐயா, யாழ்ப்பாணத்துல கிடுகுன்னா பின்னின தென்னங்கீத்து, அங்கேர்ந்து படிக்கிறவங்க குழம்புவாங்க. எனக்கு அடித்திமில் புடிச்சிருக்கு, மாடு வச்சிருக்கறவருக்கு ஒரு தடவ சொன்னா போதும். ஸ்குட்டெல்லம் தெரியணும்னு அவசியமே இல்ல.

பாபநாசத்துலேர்ந்து:
அக்கா, திமில் மேல இருக்கறது, அடித்திமில்னா லென்ஸை எங்க வைப்பாங்க? நன்மை ஈ மேடுன்னு ஒருத்தர் தனியா எழுதினாரு, அதுவும் ஒத்து வராது. பட்டுப்புழுவை நாசம் பண்ற ஊசி ஈயும் டாக்கினிட்தான், அதுக்கும் இதே புடைப்பு உண்டு. கரும்புல நண்பன், பட்டுல எதிரி.

திருவையாத்துலேர்ந்து:
அந்த ஊசியே நம்ம சொல்லுதான்னு நெனைக்கிறேன், சோறு ஊசிப்போச்சுன்னு சொல்றோமே, ஊசினதுல புழு வைக்கும், அந்தப் புழுவோட ஈ.

மன்னார்குடிலேர்ந்து:
இல்லைங்கய்யா, ஜப்பான்ல உஜின்னா ஈப்புழு. அதைத்தான் இங்க ஊசின்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஸ்டர்மியோப்சிஸ் ஊசினதுல வைக்கறதே இல்ல, கரும்புல பூச்சி குடைஞ்ச ஓட்டை வாசல்ல உயிருள்ள புழுவாவே போடும், அது எச்சத்துக்குள்ள ஊர்ந்து போயி உள்ள இருக்கற புழுவைத் தேடிப் புடிக்கும். அதைப் படமா போடு தம்பி, சொல்லு மறந்தாலும் அது மறக்காது.

பாபநாசத்துலேர்ந்து:
போடறேங்கக்கா. மூணு பேரு புடைப்புங்கற சொல்லு இருக்கட்டும்னு எழுதியிருக்காங்க, அச்சகத்துக்கு "கேடயத்தடிப் புடைப்பு"ன்னு அனுப்பிட்டேன். ஐயா கோவிச்சுக்காதீங்க, ராத்திரி ஒம்பதாச்சு.

திருவையாத்துலேர்ந்து:
கோவம் இல்ல தம்பி. ஆனா கேடயத்தை நான் ஒத்துக்கல, அடுத்த பதிப்புல கிடுகை மறுபடி எழுப்புவேன். நாளைக்குப் படத்துல அம்புக்குறியை மேல்தகட்டுல வச்சுடாதீங்க, கீழ வைங்க.