புதுப்பிப்பு: தட்டடவில் தொடங்கிய கோடிங் வகுப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் பரதம் பழகும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கணினி இல்லாமலே நிரலாக்கத்தின் அடிப்படையைச் சொல்லிக் கொடுக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நான்கு சனிக்கிழமைகள் செய்து பார்த்துவிட்டோம். கொடுக்கலாம், தாராளமாக.

முதல் தட்டடவை (பரதத்தில் காலைத் தட்டி ஆடும் அடிப்படை அசைவு) அட்டைகளில் எழுதச் சொன்னேன். "வலது கால் தட்டு", "இடது கால் தட்டு" என்று எட்டு அட்டை எழுதிக் கை வலித்த பிறகு ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ரெண்டை மட்டும் எழுதி, நாலு தரம் திருப்பிச் செய் என்று போட்டால் காணாதா?" லூப் என்ற சொல்லை அப்புறம்தான் சொன்னேன். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையும் சரியாக நிரம்பியது.

அடுத்த வாரம் ஒரு குழு எத்தனை தரம் என்று எழுத மறந்துவிட்டது. ஆடிய பிள்ளை நிறுத்தவே இல்லை, முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியில் தொடை நடுங்க, "பிழை அட்டையில்தான், என்னில் இல்லை!" என்று கத்தினாள். எல்லோரும் ஓடிப்போய் அட்டையைத் திருத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே அடவை ஆடும் மூன்று காலங்களும், அதாவது மூன்று வேகங்களும், நன்றாகக் கைகொடுத்தன: அடவு அதேதான், வேகத்தின் மதிப்பு மட்டும் மாறுகிறது. "இப்படியானால் இதைச் செய்" என்ற நிபந்தனைதான் இன்னும் குழப்பம்.

நேற்றுத்தான் கணினியில், கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் திறந்தோம். திரும்பச் செய்யும் கட்டத்தில் 10 என்று இருந்தது. யாரும் சொல்லாமலே அதை அழித்து 4 போட்டார்கள்.