கொழும்புக் கொமிக் கொன்னில புள்ளைகளோட சாமான் வாங்குறவங்களுக்கு

கல்லடியிலிருந்து:

2015 இல் தொடங்கின லங்கா கொமிக் கொன் மாதிரி, சித்திரக்கதை, கார்ட்டூன் ரசிகர்கள் கூடுற விழாக்களுக்கு மட்டக்களப்பிலிருந்து புள்ளைகளோட வெளிக்கிடுறவங்க ஒண்டை மனசில வைங்க. வாங்கின சாமான் பிழையெண்டா திரும்பக் கொண்டுபோய் மாத்த ஏலாது. விழா முடிஞ்சா, சாமான் வித்த அந்த மேசையே அங்க இருக்காது. பார்க்கிறதையெல்லாம் மேசையடியிலேயே பார்த்து முடிக்கோணும்.

காசைப் புள்ளைட கையிலேயே ஒரு உறையில குடுங்க, 100, 500 தாள்களா. காலையில 5000 தாளுக்கு மிச்சம் குடுக்க அநேகமான மேசைகளில காசு இராது. முதல் சுற்றில ஒண்டும் வாங்கவேணாம். பிடிச்ச சாமான், விலை, மேசை இலக்கம் மூண்டும் ஒரே படத்தில விழுற மாதிரி போன்ல எடுங்க. பிறகு இருந்து சாப்பிடுற நேரம் புள்ளையே படங்களைப் பார்த்துத் தெரிஞ்செடுக்கட்டும். இதைப் பழக மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாக் கடைகள் நல்லம். ஆனா தீர்த்தம் முடிய விலை குறையுமெண்டு நிக்கிற மாதிரி இங்க நிக்கக்கூடாது. ஓவியர்கள் தாங்களே கீறி அச்சடிச்ச ஸ்ரிக்கரும் கீசெயினும் கொஞ்சம்தான் கொண்டு வருவாங்க, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்.

காரைதீவிலிருந்து:

அக்கா சொன்னது சரி. அதோட போக்கிமொன் கார்ட்டையும் சேருங்க, புள்ளைகள் சேர்த்து விளையாடுற படக் கார்ட்டுகள் அது, புள்ளைகள் ஏமாறுறது அதிலதான் கூட.

உண்மையான கார்ட் 63 க்கு 88 மில்லிமீற்றர். வீட்டில இருக்கிற நல்ல கார்ட் ஒண்டைக் கையோட கொண்டுபோய் மேல வைச்சுப் பாருங்க. பின்பக்க நீலம் வெளிறி இருந்தா விடுங்க. பிறகு போன் ரோர்ச்சைப் பின்னால பிடிங்க. நல்ல கார்ட்டுக்கு நடுவில கறுப்புப் படை ஒண்டு இருக்கு, வெளிச்சத்தை மறைக்கும். போலியில வெளிச்சம் பளிச்செண்டு ஊடுருவும். மூடின பைக்கற்றில இதொண்டும் பார்க்க ஏலாது. அதால எழுத்துப்பிழை, ஒட்டின விளிம்பு ரெண்டையும் பாருங்க. எல்லா மேசையிலும் ஒரு விலை, ஒரு மேசையில மட்டும் அரைவிலையெண்டா அதைத் தொடவே வேணாம்.

வாங்கின உடனே பிளாஸ்ரிக் உறைக்குள்ள போடுங்க. நம்மட கடல்காத்தில மினுங்குற கார்ட்டுகள் வில்லு மாதிரி வளையும். கடதாசி ஈரத்தை இழுக்கும், மேலிருக்கிற மினுக்கத்தாள் இழுக்காது, அதுதான் காரணம். இறுக்கி மூடுற டப்பாவுக்குள்ள, சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா பைக்கற்றையும் போட்டு வைங்க.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

துண்டு துண்டாப் பூட்டுற கன்டாம் எண்ட பிளாஸ்ரிக் ரொபோ கேக்கிற புள்ளைகளுக்கு 144 இல் ஒண்டு அளவிலான எச்.ஜி. (HG) வகைப் பெட்டியே போதும். பூட்டினா 13 சென்ரிமீற்றர் அளவில வரும், அநேகமா 8 வயதிலிருந்து எண்டு பெட்டியில போட்டிருக்கும். 100 இல் ஒண்டு அளவிலான எம்.ஜி. (MG) வகையில துண்டுகள் கூட, 15 வயதுக்காரருக்கு. பசை தேவையில்ல, கட்டர்தான் வேணும். துண்டுகள் ஒரு பிளாஸ்ரிக் சட்டத்தோட ஒட்டித்தான் வரும், துண்டை அதிலிருந்து ஒரே வெட்டில எடுத்தா பிளாஸ்ரிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். முதல்ல கொஞ்சம் தள்ளி வெட்டி எடுத்து, பிறகு ஒட்ட வெட்டோணும்.

மங்கா எண்ட ஜப்பான் சித்திரக்கதைப் புத்தகத்தின்ட பின்னட்டையைப் பாருங்க. விஸ் (VIZ) எண்ட பதிப்பகத்தின்ட ஆங்கிலப் பதிப்புகளில 'ரீ' (T) எண்டா 13 வயதுக்கு மேல, 'ரீ பிளஸ்' (T+) 16, 'எம்' (M) 18. அட்டைப்படம் சின்னப்புள்ளைகளுக்கு ஏத்த மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள அப்படி இராது. ஓவியத்தை மட்டும் பார்த்து வாங்கிக் குடுக்காதீங்க.

வெளிச்சம் வாற வாள், மோதிரம் எல்லாம் பட்டன் பெற்றரிதான். பெற்றரி மூடி ஸ்குரூ ஆணியால பூட்டியிருக்கா எண்டு திருப்பிப் பாருங்க, நகத்தால திறபட்டா வாங்கவே வேணாம். வீட்டில கைப்புள்ள இருந்தா இதில கூடக் கவனம். விழுங்கின பெற்றரி 2 மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக்குள்ள புண்ணாக்கிரும்.

பில் கேளுங்க. கேட்டா குடுக்கத்தான் வேணும், 2003 ஆம் ஆண்டுப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில இருக்கு. முறைப்பாட்டுக்கான தொலைபேசி இலக்கம் 1977.

திரும்பி வரக்குள்ள போஸ்ரரைச் சுருட்டி, அரை மீற்றர் பிவிசி குழாய்க்குள்ள விட்டு ரெண்டு பக்கமும் ரேப் ஒட்டுங்க. ரயில்ல மேல்தட்டில வைக்காம சீற்றுக்கும் சுவருக்கும் இடையில நிமித்தி வைச்சா மட்டக்களப்பு வரைக்கும் நசியாது.